வயல் சேற்றிலிருந்து ஈரல் வரை: படுவான்கரை விவசாயி ஒருவரின் நோயும் ஓர் ஆதார வைத்தியசாலையின் கதிரியக்கவியல் பிரிவும்

எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் கதிரியக்கவியல் பிரிவு ஒன்றின் முன்னேற்றத்தைப் பற்றி எழுதுவதென்றால், வந்திறங்கிய இயந்திரங்களையும் நாடா வெட்டித் திறந்து வைத்த பிரமுகர்களையும் வரிசைப்படுத்துவது நம் நாட்டு வழக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆதார வைத்தியசாலை ஒன்றின் கதிரியக்கவியல் பிரிவில் பணியாற்றும் நாங்கள் அந்த வரிசையை இங்கே தவிர்த்துவிட்டு, ஒரே ஒரு நோயாளியின் நோயை முதல் நாளிலிருந்து தொடர்ந்து சொல்கிறோம். இயந்திரம் வந்த பிறகும் பழைய மாதிரியே வேலை செய்யும் பிரிவுகள் உண்டு. படம் எடுக்கும் இடமாக மட்டும் இருந்த ஓர் அறை, நோயை நிர்ணயிப்பதிலும் சிகிச்சையிலும் பங்கெடுக்கும் இடமாக எப்படி மாறுகிறது என்பதே எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. நோயாளியின் அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வசிக்கும் ஐம்பத்து மூன்று வயதான விவசாயி அவர். பல ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லை. பெரும்போக மழை பலத்திருந்த காலத்தில் குளிருடன் கூடிய காய்ச்சல் தொடங்கியது. தனியார் வைத்தியர் ஒருவர் கொடுத்த கோ-அமொக்சிக்ளவ் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையில் காய்ச்சல் ஓரளவு தணிந்து, மாத்திரை முடிந்ததும் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. மூன்றாவது வாரத்தில், சாப்பாடு வேண்டாமல், உடல் மெலிந்து, வலப்பக்க விலாவுக்குக் கீழே மந்தமான நோவுடன் எங்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் விவசாயியைப் பார்த்ததும் இப்பகுதியில் எந்த வைத்தியருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை டெங்கும் எலிக்காய்ச்சலும்தான். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, குருதிச் சிறுதட்டுகளும் குறையவில்லை. எலிக்காய்ச்சலையும் மனதில் வைத்து செஃப்ட்ரையக்சோன் ஊசி தொடங்கப்பட்டது. வெண்குருதிக் கலங்கள் மிகுந்திருந்தன, குருதிச் சீனி கட்டுப்பாட்டில் இல்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் இலேசாக உயர்ந்திருந்தது. ஊசி தொடங்கி இரண்டு நாட்களாகியும் காய்ச்சல் இறங்காததால் நெஞ்சு எக்ஸ்ரேயும், கதிர்வீச்சில்லாமல் ஒலியலையால் பார்க்கும் வயிற்று ஸ்கேனும் (அல்ட்ராசவுண்ட்) கேட்கப்பட்டன.

எக்ஸ்ரே

எக்ஸ்ரேயில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு வலப்பக்கத்தில் சற்றே உயர்ந்தும், வலது சுவாசப்பையின் கீழ்ப்பகுதியில் மங்கலான சில வெண்திட்டுகளும் தெரிந்தன. பழைய பிலிமில் அவை கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகமே. இருட்டறையில் டிவலப்பரிலும் பிக்சரிலும் தோய்த்து, கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டு உலர்த்திய காலத்தில், மார்கழி மழையின் ஈரத்தில் பிலிம் காய்வதற்கே நேரமெடுக்கும். அவசரத்துக்கு ஈரப் பிலிமையே கையில் பிடித்துக்கொண்டு நோயாளர் விடுதிக்கு ஓடிய ஊழியர்கள் இன்னமும் எங்களிடம் பணியில் இருக்கிறார்கள். படம் கறுத்துவிட்டாலோ வெளுத்துவிட்டாலோ நோயாளியை மறுபடி அழைத்து மறுபடி எடுக்க வேண்டும், கதிர்வீச்சும் மறுபடி.

இப்போது படம் கணினித் திரையில் விழுகிறது. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பிரிமென்றகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சுவாசப்பைப் பகுதியையும் பார்க்கலாம், விடுதியில் இருக்கும் வைத்தியரும் அதே நேரத்தில் அதே படத்தைத் திறக்கலாம். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பிலிம் தட்டுப்பாட்டால் திரையிலிருந்த படத்தை நோயாளியின் கைத்தொலைபேசியில் பிடித்து அனுப்பிய நாட்களும் இருந்தன. அது நல்ல முறையல்ல. தொலைபேசிப் படத்தில் நுண்ணிய வேறுபாடுகள் அழிந்துவிடும், நோயாளியின் அந்தரங்கத்துக்கும் உத்தரவாதமில்லை. ஆனாலும் பிலிம் இல்லாமலேயே ஒரு விடுதி இயங்க முடியும் என்பதை எல்லோருக்கும் காட்டியது அந்த நெருக்கடிதான்.

ஸ்கேன் அறை

எங்கள் பிரிவில் ஸ்கேன் கோரிக்கைப் படிவத்தின் கீழே மூன்று கேள்விகள் கையால் எழுதி நகலெடுத்துச் சேர்க்கப்பட்டுள்ளன: காய்ச்சல் எத்தனை நாள், நீரிழிவோ சிறுநீரக நோயோ உண்டா, தொழில் என்ன. “வயிற்று நோவு, ஸ்கேன் செய்க” என்ற ஒற்றை வரியோடு வந்துகொண்டிருந்த படிவங்களைப் பார்த்துச் சலித்துத்தான் இந்தக் கேள்விகளைச் சேர்த்தோம். செலவு எதுவுமற்ற இந்த மாற்றத்தை, எங்கள் பிரிவுக்கு அண்மைக் காலத்தில் வந்த எந்தக் கருவிக்கும் குறைவாக நாங்கள் மதிப்பதில்லை. இந்த நோயாளியின் படிவத்தில் “மூன்று கிழமை, நீரிழிவு, வேளாண்மை” என்று எழுதப்பட்டிருந்தது.

வேளாண்மை என்றால் போடியாராக வரம்பில் நின்று பார்ப்பவரும் இருக்கலாம், சேற்றில் இறங்குபவரும் இருக்கலாம். ஜெல் பூசிக்கொண்டே கதிரியக்கவியல் நிபுணர் அதைக் கேட்டார். “வரம்பு உடைஞ்சி வெள்ளம் வந்தா இறங்காம இருக்க ஏலுமா சேர்? வக்கடையக் கட்டத்தானே வேணும்” என்றார் அவர். காலில் ஏதாவது காயம் இருந்ததா என்று கேட்டதற்கு, குதிக்கால் வெடிப்பைக் காட்டி, “இது எப்பயும் இருக்கிறதுதான்” என்று சொல்லிவிட்டார்.

ஈரலின் வலது மடலில் ஏறக்குறைய ஆறு சென்டிமீற்றர் அளவில் ஒரு சீழ்க்கட்டி இருந்தது. ஈரலில் சீழ்க்கட்டி எங்களுக்குப் புதிதல்ல. கள் அருந்தும் ஆண்களில் அமீபாவால் உண்டாகும் கட்டி வடக்கிலும் கிழக்கிலும் நன்கு அறியப்பட்டது. அது பெரும்பாலும் வலது மடலில் ஒற்றையாக, வட்டமாக, ஒரே குழியாக இருக்கும். மெட்ரோனிடசோல் கொடுத்தாலே அநேகமாகக் குணமாகிவிடும், ஊசி குத்தவும் தேவைப்படாது. இந்தக் கட்டியின் ஓரமோ ஒழுங்கற்றிருந்தது. உள்ளே ஒரே குழியாக இல்லாமல், மெல்லிய தடுப்புகளால் பிரிக்கப்பட்ட பல சிறு அறைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, தேன்கூட்டின் குறுக்குவெட்டைப் போலத் தெரிந்தன. கதிரியக்கவியல் நூல்கள் இதே தேன்கூட்டுத் தோற்றத்தை ஒரு குறிப்பிட்ட நோயோடு தொடர்புபடுத்திப் பேசுகின்றன.

தீர்மானத்தை மாற்றியது மண்ணீரல்தான். ஈரலில் கட்டியைக் கண்டவுடன் ஸ்கேனை முடித்துக்கொள்ளும் பழக்கம் நெரிசலான நாட்களில் எந்த அறையிலும் தலைகாட்டும். இங்கே மண்ணீரலையும் பொறுமையாகப் பார்த்தபோது, ஒரு சென்டிமீற்றருக்கும் குறைந்த மூன்று நான்கு கருந்திட்டுகள் தென்பட்டன. நீரிழிவுள்ள, சேற்றில் இறங்கி வேலை செய்கிற ஒருவருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் ஒரே வேளையில் சீழ்க்கட்டிகள் இருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதை மெலியோய்டோசிஸ் என்றே கொள்ள வேண்டும்.

நோயைப் பற்றி

மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பேர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற பக்டீரியா வெப்ப நாடுகளின் ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. வெடிப்பு, கீறல் வழியாகவும், புயல்மழையில் காற்றில் எழும் நீர்த்துளிகளைச் சுவாசிப்பதாலும், மாசுற்ற நீரைக் குடிப்பதாலும் உடலுக்குள் செல்லும். 1912 இல் ரங்கூனில் விற்மோரும் கிருஷ்ணசுவாமியும் இதை முதன்முதலில் விபரித்தார்கள். இலங்கையில் 1927 இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருக்கிறார். அதன்பின் பல பத்தாண்டுகள் இங்கே இந்நோய் அரிதினும் அரிது என்றே கருதப்பட்டது. தேடத் தொடங்கிய பிறகுதான் கிழக்கு மாகாணம் உட்பட நாட்டின் பல பகுதிகளிலும் இது இருப்பது தெரியவந்தது. உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 165,000 பேருக்கு இந்நோய் ஏற்படுவதாகவும் அவர்களில் 89,000 பேர் இறப்பதாகவும் 2016 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

நீரிழிவு இதற்கு மிகப்பெரிய ஆபத்துக் காரணி. சாதாரணமாகக் காய்ச்சலுக்குத் தொடங்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் பல இதன்மீது வேலை செய்யாது. செஃப்ட்ரையக்சோன் போதாது, ஜென்டமைசின் பெரும்பாலும் பயனற்றது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் நாள வழியாகக் கொடுக்கப்பட வேண்டும். கோ-அமொக்சிக்ளவ் மருந்துக்கு இந்தப் பக்டீரியா ஓரளவு இணங்கும் என்பதை வைத்துப் பார்த்தால், தனியார் வைத்தியர் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் தணிந்து மீண்டதற்கும் பொருள் கிடைக்கிறது. அதே மாத்திரை குருதி வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி முளைப்பதையும் தடுத்திருக்கக்கூடும்.

தொலைபேசி அழைப்பு

ஸ்கேன் முடிந்து நோயாளி மேசையிலிருந்து எழும்புவதற்குள் கதிரியக்கவியல் நிபுணர் பொது வைத்திய நிபுணரை அழைத்தார். அறிக்கை தட்டச்சாகி, கையொப்பமாகி, விடுதிக்குப் போய், கட்டில் அட்டையில் செருகப்பட்டு, மறுநாள் காலைச் சுற்றில் கண்ணில் படும் பழைய பாதையில் ஒரு நாள் போயிருக்கும். அவசரக் கண்டுபிடிப்பு எதையும் நேரடியாகப் பேசிச் சொல்ல வேண்டும், யாரிடம் எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் பிரிவின் இப்போதைய விதி. சொன்னார், சொல்லவில்லை என்ற சச்சரவுகள் அதோடு அடங்கிவிட்டன.

அழைப்பில் நான்கு விடயங்கள் தீர்மானிக்கப்பட்டன. குருதி வளர்ப்பு மாதிரி மறுபடி எடுத்துவிட்டு செஃப்டசிடிம் தொடங்குவது, கட்டியிலிருந்து சீழை எடுத்து அனுப்புவது, நெஞ்சு, வயிறு, இடுப்புக்குழி மூன்றுக்கும் சி.டி. ஸ்கேன் (எக்ஸ்ரேயால் உடலைக் குறுக்குவெட்டுகளாகக் காட்டும் படம்) செய்வது, ஆய்வுகூடத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது. கடைசியானது சம்பிரதாயமல்ல. இந்தக் கிருமியை ஆய்வுகூட ஊழியர் சுவாசித்தால் அவருக்கும் தொற்றலாம். மேலும், எதிர்பார்க்காத ஆய்வுகூடம் இதை வெறும் சூடோமோனாஸ் இனப் பக்டீரியா என்றோ, மாதிரியில் கலந்த வெளிக்கிருமி என்றோ ஒதுக்கிவிடவும் கூடும்.

ஊசியும் வடிகுழாயும்

குருதி உறையும் தன்மையும் சிறுதட்டுகளின் எண்ணிக்கையும் பார்க்கப்பட்டு, சம்மதம் பெறப்பட்ட பின், அன்று பிற்பகலே ஸ்கேன் வழிகாட்டலில் ஊசி செலுத்தப்பட்டது. விலா இடைவெளியில் மரப்பு மருந்து போட்டு, ஊசியின் முனை திரையில் வெள்ளைப் புள்ளியாக நகர்வதைப் பார்த்தபடியே, குருதிக் குழாய்களை விலக்கி, கட்டியின் மிகப்பெரிய அறைக்குள் கொண்டுபோக வேண்டும். வந்தது சில மில்லிலீற்றர் தடித்த, மஞ்சள் கலந்த வெண்சீழ் மட்டுமே. அமீபாக் கட்டியில் வருவது போன்ற செங்கபில நிறம் அதில் இல்லை.

அன்றே வடிகுழாய் வைத்துவிடலாமே என்று விடுதியிலிருந்து கேட்டார்கள். நாங்கள் வைக்கவில்லை. அறை அறையாகப் பிரிந்திருக்கும் கட்டியில் குழாய் ஓர் அறையை மட்டுமே வடிக்கும், தடுப்புகள் கரைந்து நடுவில் திரவம் சேரும்வரை காத்திருப்பதில் நன்மை அதிகம். இது எல்லோரும் ஏற்கும் கருத்து என்று சொல்ல முடியாது. கட்டி வெடிக்கும் நிலையிலோ நோயாளி அதிர்ச்சி நிலையிலோ இருந்திருந்தால் எங்கள் முடிவும் மாறியிருக்கும். ஒரு வாரம் கழித்துச் செய்த ஸ்கேனில் நடுப்பகுதி ஒரே குழியாக மாறியிருந்தது. அப்போது பத்து பிரெஞ்ச் அளவுள்ள, அதாவது மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள சுருள்முனை வடிகுழாய் கம்பியின் மேலாகச் செலுத்தப்பட்டது. முன்னர் இந்த வேலைக்காக நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவோம், அல்லது வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்வார்கள். இப்போது ஸ்கேன் அறையின் ஒரு பக்கத்தில், ஒரு தாதியும் ஒரு ரேடியோகிராபரும் உடனிருக்க, அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிரிவின் அண்மைக் காலச் சாதனை எது என்று எங்களைக் கேட்டால் இந்த மேசையைத்தான் காட்டுவோம்.

சீழில் இரு முனைகளிலும் மட்டும் சாயம் ஏறிய கோல் வடிவப் பக்டீரியாக்கள் தெரிந்தன. இரண்டு நாட்களில் வளர்ப்பும் முளைத்தது. ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் இணங்காமல், கோ-அமொக்சிக்ளவுக்கு இணங்கிய அந்த ஒழுங்கே ஏறக்குறைய விடையைச் சொல்லிவிட்டது. உறுதிப்படுத்துவதற்காக மாதிரி கொழும்புக்கு அனுப்பப்பட்டது, முடிவு எதிர்பார்த்ததே.

சி.டி. ஸ்கேன்

எங்கள் வைத்தியசாலையில் சி.டி. இல்லை. கிரியட்டினின் உயர்ந்திருந்ததால், சி.டி.க்கு ஏற்றும் சாயத்தை மனதில் வைத்து நாளத்தில் திரவம் ஏற்றி, நீரிழிவு மாத்திரையான மெட்ஃபோமினை நிறுத்தி, மறுநாள் அம்பியூலன்ஸில் வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்பி, அன்று மாலையே திரும்ப அழைத்துக்கொண்டோம். அனுப்புவதற்கு முன் இரு பக்கத்துக் கதிரியக்கவியல் நிபுணர்களும் பேசிக்கொண்டார்கள். இடுப்புக்குழி வரை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியதற்குக் காரணம், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரஸ்ரேற் சுரப்பி. மெலியோய்டோசிஸ் உள்ள ஆண்களில் கணிசமானோருக்கு அங்கே சீழ்க்கட்டி இருக்கும், பலருக்கு அதற்கான முறைப்பாடே இராது. இவருக்கும் இருந்தது, ஒரு சென்டிமீற்றர் அளவில். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புவதை அவர் சீனியின் கணக்கில் எழுதிவைத்திருந்தார். வலது சுவாசப்பையில் எக்ஸ்ரே காட்டிய திட்டுகளும் சிறு கணுக்களாக உறுதியாயின.

அந்தச் சிறு கட்டியால் சிகிச்சையின் காலம் மாறியது. நாள வழி மருந்து குறைந்தது நான்கு வாரம் என்று தீர்மானிக்கப்பட்டது, புரஸ்ரேற்றினுள் நன்கு ஊடுருவும் கோ-ட்ரைமொக்சசோலும் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. சிறுநீரகவியல் சத்திரசிகிச்சை நிபுணர், அளவு சிறியது என்பதால், வடிக்காமல் கவனிக்கலாம் என்றார்.

பின்தொடர்தல்

சரியான மருந்து தொடங்கிய பிறகும் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. குடும்பத்தார் மாத்திரமல்ல, விடுதியில் சிலரும் பொறுமையிழந்தார்கள். இந்த நோயில் காய்ச்சல் தணிய ஒன்பது பத்து நாட்கள் எடுப்பது வழமைதான். கட்டி பெருக்கவில்லை என்று ஸ்கேனில் காட்ட முடிந்ததால் மருந்தை அநாவசியமாக மாற்றாமல் தொடர முடிந்தது. பின்தொடரும் படங்கள் எல்லாம் ஸ்கேனிலேயே எடுக்கப்பட்டன. வயிற்று சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவேர்ட். இயற்கையிலிருந்து உலகில் ஒருவர் ஓர் ஆண்டில் பெறும் சராசரி 2.4 மில்லிசீவேர்ட் தான். ஸ்கேனிலேயே தெரியும் விடயத்துக்கு சி.டி.யைத் திரும்பத் திரும்பக் கேட்பது நியாயமில்லை.

வடிகுழாய் பன்னிரண்டாம் நாள் எடுக்கப்பட்டது. நான்கு வார ஊசி முடிந்து, மூன்று மாத மாத்திரையுடன் அவர் வீடு சென்றார். சிகிச்சையின் இரண்டாம் கட்டமான இந்த மாத்திரையை இடையில் நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பி வருவது நன்கு அறியப்பட்டது. வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்ட பிறகு கிளினிக்குக்கு வருவது அப்பகுதியினர் பலருக்கு ஒரு நாள் வேலையாக இல்லை. படகுப் பாதைக்காகக் காத்திருந்த காலமாயின் இவர் எத்தனை தவணை வந்திருப்பார் என்பது கேள்விதான். மாத்திரை முடிந்தபோது எடுத்த ஸ்கேனில் ஈரலில் இரண்டு சென்டிமீற்றருக்கும் குறைந்த தழும்பு மட்டும் இருந்தது, மண்ணீரலில் ஒன்றும் தெரியவில்லை.

எஞ்சியுள்ளவை

இந்த நோயாளி வார நாளொன்றின் காலையில், நிபுணர் கடமையில் இருந்த வேளையில் ஸ்கேனுக்கு வந்தார். சனிக்கிழமை இரவில் வந்திருந்தால் திங்கள் வரை காத்திருந்திருப்பார். ஒரே ஒரு நிபுணரை நம்பி நடக்கும் பிரிவில் அவர் விடுமுறையில் போனாலும் இடமாற்றம் பெற்றாலும் மேலே சொன்னவற்றில் பாதி நின்றுவிடும். ஸ்கேன் இயந்திரம் பழுதடைந்தால் பொறியியலாளர் கொழும்பிலிருந்து வர வேண்டும். உப்புக் காற்றும் மின்தடையும் இயந்திரத்தின் ஆயுளைத் தின்கின்றன, குளிரூட்டி ஒன்று பழுதானாலே அறையை மூட வேண்டியிருக்கிறது. புதிய இயந்திரம் கேட்டு எழுதும் கடிதத்தில் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து எழுதாதவரை எங்கள் சாதனைகளுக்கு ஆயுள் அற்பம்.

காய்ச்சலோடு வரும் நோயாளிக்கு மண்ணீரலையும் இடுப்புக்குழியையும் தவறாமல் பார்த்துப் பதிவது இப்போது எங்கள் ஸ்கேன் அறையின் ஒழுங்காகிவிட்டது. ஊசி செலுத்தும்போது உதவுவதற்கு இரண்டாவது தாதி ஒருவர் பழகி வருகிறார். படிவத்தின் அந்த மூன்று கேள்விகளையும் வெளிநோயாளர் பிரிவின் படிவத்திலும் அச்சிட்டே சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம், “தொழில்” என்பதற்கு அருகே “சேற்றில் இறங்குபவரா” என்ற ஒரு கட்டத்தோடு. அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன் அது அச்சாகி வந்துவிட வேண்டும் என்பதே இப்போதைக்கு எங்கள் அவசரம்.